கொஞ்சுக்கும் வழி வேண்டும்

தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை எந்தத் தேதியில் மூடுவது, எந்தத் தேதியில் திறப்பது என்ற சச்சரவு குட்டநாட்டுக்குப் புதிதல்ல. அறுவடை முடியவில்லை, திறக்கக்கூடாது என்பார் நெல் விவசாயி. வலையில் ஒன்றும் விழவில்லை, உடனே திறக்க வேண்டும் என்பார் மீனவர். ஒருவர் கையில் சோறு இருக்கிறது. மற்றவர் கையில் குழம்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஏழையின் இலை நிறையும். ஆகவே இந்த வழக்கில் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் ஒரு வயிறு வாடும்.

இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அது மனுக் கொடுப்பதில்லை, ஊர்வலம் போவதில்லை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் மறியல் செய்வதும் இல்லை. காயலின் அடியில் சேற்றோடு சேறாக வாழும் இறால், நண்டு மற்றும் அவற்றின் சின்னஞ்சிறு உறவினங்கள்தான் அந்தக் கட்சி. கதவு திறக்கும் தேதியை முடிவு செய்யும்போது அவற்றின் கணக்கையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விவசாயிக்கும் மீனவருக்கும் இடையே உள்ள தகராறிலும் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

உப்பும் நன்னீரும்

வேம்பநாட்டுக் காயல் வெறும் ஏரியல்ல. ஆலப்புழையிலிருந்து வடக்கே அழிக்கோடு வரை ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒரு பெரிய கழிமுகம் அது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆறுகள் தெற்கே வந்து கலக்கின்றன. மூவாற்றுப்புழை ஆறும் பெரியாறும் அவற்றுக்கு வடக்கே சேருகின்றன. கடலோ கொச்சி வாயில் வழியாக நாள்தோறும் இரண்டு தடவை உள்ளே வந்து திரும்புகிறது.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் அது இல்லையென்றே சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவே, கொச்சியிலிருந்து தெற்கே போகப் போக, உப்பு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஆறுகள் பெருகி உப்பைக் கடல் வாயில் வரை தள்ளிவிடும். மழை ஓய்ந்து கோடை ஏறும்போது உப்பு மறுபடி உள்நாட்டை நோக்கி நடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மூச்சு விட்டு மூச்சு வாங்குவது போன்ற ஓட்டம் இது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உப்பு நீர் கனமானது. நன்னீர் லேசானது. ஆகவே மேலே நல்ல தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் உப்பு நீர் நாக்கு நீட்டியதுபோல உள்ளே வரும். படகில் போகிறவர் மேல் தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தால் இனிக்கும். அதே இடத்தில் அடியில் கிடக்கும் நண்டு உப்பு நீரில் இருக்கும். காயலின் மேல்தளமும் அடித்தளமும் இரண்டு ஊர்கள் என்றே சொல்ல வேண்டும்.

அடியில் யார் யார்?

கடல் வாயிலுக்குப் பக்கத்தில் அடித்தளத்தில் மணல் அதிகம், உப்பும் அதிகம். அங்கே நீந்தும் நண்டுகள் இருக்கும். பாறையிலும் மரத்தூணிலும் படகின் அடியிலும் கொட்டலசு அப்பிக் கிடக்கும். கொட்டலசைப் பார்த்தால் சிப்பி இனம் என்றே தோன்றும். உண்மையில் அதுவும் நண்டு, இறாலின் பங்காளிதான்.

அங்கிருந்து உள்ளே வந்தால் மணல் குறைந்து சேறு கூடும். சேற்று நண்டு வளை தோண்டிக் குடியிருப்பது இங்கே. கடல் இறாலின் குஞ்சுகள் மேய்ந்து வளருவதும் இங்கே. கேரளத்தில் நாரன், பூவாலன் என்று கூடையில் வைத்து விற்கப்படும் இறால்களுக்கெல்லாம் பால்ய வயது கழிவது இந்தச் சேற்றில்தான். இவற்றோடு அரிசி அளவுகூட இல்லாத, பக்கவாட்டில் ஒட்டித் தட்டையான உடம்புள்ள சிறு பிராணிகள் எண்ணற்றவை உண்டு. இலைக் குப்பையையும் பாசியையும் தின்று அவை வாழ்கின்றன. அவற்றைத் தின்று மீன் குஞ்சு வாழ்கிறது. மீனைத் தின்று மனிதன் வாழ்கிறான்.

இன்னும் தெற்கே, ஆறுகள் வந்து சேரும் இடத்தில் கடல் இனங்கள் குறைந்துவிடும். அங்கே ராஜா ஆற்றுக் கொஞ்சு. நீல நிறக் கொடுக்கும் முழங்கை நீளமுமாக இருக்கும் இந்தப் பெரிய நன்னீர் இறாலுக்குக் குட்டநாட்டில் உள்ள மதிப்பு, கரிமீனுக்கு உள்ளதைவிடக் குறைந்ததல்ல.

கடலிலும் பல இனம் உண்டு, ஆற்றிலும் பல இனம் உண்டு. ஆனால் இரண்டும் கலக்கும் நடுப்பகுதியில் இனங்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. பால்டிக் கடலை ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ப் ரெமானே 1934-ல் இதை எடுத்துக் காட்டினார். லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் உப்பு உள்ள நீரில்தான் இனங்கள் மிகக் குறைவு என்றார் அவர். உப்பின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் சக்தி எல்லாப் பிராணிக்கும் இல்லை என்பதே காரணம். ஆனால் அதைத் தாங்கக்கூடிய சில இனங்கள் அங்கே கோடிக்கணக்கில் பெருகுகின்றன. போட்டி குறைவு, தீனி அதிகம். கழிமுகத்து இறால் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததன் ரகசியம் அதுதான்.

ஒரே வாசல், இரண்டு பயணம்

கடல் இறாலின் வாழ்க்கை ஒரு விதம். அது கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே அலையோடு காயலுக்குள் வந்துவிடும். சில மாதம் சேற்றில் மேய்ந்து வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பிவிடும். சேற்று நண்டிலும் முட்டை சுமக்கும் பெண் நண்டு கடலை நோக்கியே போகிறது.

ஆற்றுக் கொஞ்சின் வாழ்க்கை இதற்கு நேர் எதிர். அது ஆற்றில் வளர்கிறது. பெண் கொஞ்சு வயிற்றின் அடியில் ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சுமந்துகொண்டு, மழைக்காலம் தொடங்கி, உப்பு கலந்த நீரைத் தேடிக் கீழே இறங்குகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது போன்ற பயணம் அது. ஏனென்றால் அதன் குஞ்சு நன்னீரில் பிழைக்காது; சில நாட்களில் செத்துவிடும். லிட்டருக்கு 12 கிராம் அளவில் உப்பிருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பதினோரு தடவை உருமாறி இறாலாகி, மறுபடி ஆற்றை நோக்கி அடித்தளத்தின் வழியே ஊர்ந்து ஏறும்.

இந்த உண்மை 1960-களின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டது. மலேசியாவின் பினாங்கில் ஆராய்ச்சி செய்த எஸ். டபிள்யூ. லிங் என்ற விஞ்ஞானி, தொட்டியில் பொரித்த கொஞ்சுக் குஞ்சுகள் நன்னீரில் தொடர்ந்து சாவதைப் பார்த்து, உப்பு கலந்து பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்தார். இன்று உலகெங்கும் நடக்கும் கொஞ்சுப் பண்ணைத் தொழிலுக்கெல்லாம் அதுவே அஸ்திவாரம்.

ஆக, ஒரே காயலில் ஒரு கூட்டம் மேலே ஏறுகிறது. ஒரு கூட்டம் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான். அந்த வழியின் குறுக்கே நிற்பதுதான் தண்ணீர்முக்கம் தடுப்பணை.

அணை வந்த கதை

அணையைக் கட்டியவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. குட்டநாடு கடல் மட்டத்துக்குக் கீழே, சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கும் பூமி. வரப்பு போட்டு, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அதில் நெல் விளைவிக்கிறார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-ல் இந்த முறையை உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட வயலில் கோடைக்கால உப்பு ஏறினால் பயிர் கருகிவிடும். அரிசிப் பஞ்சத்தில் தவித்த கேரளத்துக்கு ஒவ்வொரு மூட்டையும் முக்கியமாக இருந்த காலம் அது. எனவே ஆலப்புழை மாவட்டத்துத் தண்ணீர்முக்கத்தையும் கோட்டயம் மாவட்டத்து வெச்சூரையும் இணைத்து, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளத்தில் தடுப்பணை கட்டினார்கள். 1970-களின் நடுவில் அது செயல்படத் தொடங்கியது.

இரண்டு ஓரங்களிலும் கதவுகள் போட்டார்கள். நடுவில் மண் கரையே பல ஆண்டு நின்றது. பின்னால் மூன்றாம் கட்ட வேலையில் அந்த இடத்துக்கும் கதவு வந்து, மொத்தம் 90 கதவுகளாயின.

கதவுகளை டிசம்பர் 15-ஆம் தேதி மூடி, மார்ச் 15-ஆம் தேதி திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. ஆனால் விதைப்பு தள்ளிப்போகிறது, அறுவடை தள்ளிப்போகிறது, அதோடு கதவு திறக்கும் நாளும் தள்ளிப்போகிறது. பல ஆண்டுகளில் ஏப்ரல், மே வரை கதவு மூடியே இருந்திருக்கிறது. மூன்று மாத மூடல் நான்கு மாதமாகி, ஐந்து மாதத்தையும் தொட்டுவிடுகிறது. தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூடிய கதவின் விளைவு

கதவு மூடியதும் காயல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வடபுறம் உப்பு நீர். தென்புறம் தேங்கிய நன்னீர். உப்பு படிப்படியாகக் குறைந்து வந்த இடத்தில் ஒரு சுவர் நிற்கிறது. படிக்கட்டை எடுத்துவிட்டு மாடியையும் தரையையும் மட்டும் வைத்ததுபோல் ஆகிவிட்டது. நடுப்படிகளில் வாழப் பழகிய பிராணிக்குத் தென்புறத்தில் இடமில்லை.

கடல் இறாலின் குஞ்சுகள் வந்து மேய்ந்த தென்காயல் அந்த மாதங்களில் அவற்றுக்கு அடைபட்டுவிடுகிறது. கொஞ்சின் நிலைமையோ இன்னும் மோசம். முட்டை சுமந்து பிந்தி இறங்கும் கொஞ்சுக்கு டிசம்பரில் வாசல் மூடிவிடுகிறது. முன்னதாக இறங்கிப் பொரித்த குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்ப வேண்டிய மாதங்களும், கதவு மூடியிருக்கும் மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. அணைக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் வேம்பநாட்டில் கிடைக்கும் கொஞ்சு பல மடங்கு குறைந்துபோயிற்று. அரசு பண்ணைக் குஞ்சுகளைக் காயலில் விட்டு ஈடுகட்டப் பார்க்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் வாசலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் விருந்தாளியைத் தேடுவதில் எத்தனை பலன் இருக்கும்?

தேங்கிய நீரின் கேடு இதோடு நிற்கவில்லை. வயலில் அடிக்கும் பூச்சிமருந்து வடிந்து வந்து காயலில் சேருகிறது. இறாலும் நண்டும் உடற்கூற்றில் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்து மீனைவிட அவற்றைச் சுலபமாகத் தாக்கும். ஓட்டமுள்ள நீரானால் மருந்து அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய கதவுக்குப் பின்னால் அது போக இடமில்லை. உப்பு ஏறினால் அழுகிப்போகும் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கப் பாயலும் நன்னீரில் செழித்துப் படகு வழியை அடைக்கின்றன. அவை மடிந்து அடியில் படியும்போது நீரின் பிராணவாயுவையும் தின்றுவிடுகின்றன.

அணை மட்டும்தான் குற்றவாளியா?

அணையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. தேங்காய் மட்டையை மாதக் கணக்கில் ஊறப்போடும் இடங்களில் அழுகிய முட்டை நாற்றம் வீசுவதைக் கயிற்றுத் தொழிலாளர் எல்லோரும் அறிவார்கள். அந்த இடங்களின் அடித்தளத்தில் பிராணவாயு குறைந்து, இறால் இனங்கள் ஒதுங்கிவிடுகின்றன. படகு வீடுகளின் கழிவும் நகரச் சாக்கடையும் காயலில்தான் விழுகின்றன. வடக்கே பெரியாற்றின் கழிமுகத்தில், ஏலூர், எடையார் தொழிற்பேட்டைகளுக்கு அருகே, 2024 மே மாதம் மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்து மிதந்ததை நாடே பார்த்தது. மிதந்த மீனைப் பத்திரிகைகள் படம் பிடித்தன. மிதக்காமல் அடியிலேயே மடியும் பிராணியை யார் படம் பிடிப்பார்கள்?

அடித்தளத்தைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம். மீனுக்குத் துடுப்பு இருக்கிறது. நீர் கெட்டால் ஓடித் தப்பிக்கலாம். சேற்றில் குழி தோண்டி வாழும் சிறு பிராணிக்கு ஓட வழியில்லை. நீர் கெட்டுவரும்போது முதலில் மறைவது அந்தச் சிறு இறால் இனங்கள். கடைசிவரை தாக்குப்பிடிப்பது சில புழு இனங்கள். ஆகவே ஓர் இடத்தில் ஒரு கூடை சேற்றை அள்ளி, அதில் இறால் இனம் எத்தனை, புழு எத்தனை என்று எண்ணினால் அந்த இடத்தின் ஜாதகமே தெரிந்துவிடும். ஒரு பாட்டில் தண்ணீர் அன்றைய நிலையை மட்டும் சொல்லும். ஒரு கூடை சேறு பல மாதக் கதையைச் சொல்லும்.

செய்ய வேண்டியது

தடுப்பணையை இடித்துத் தள்ள வேண்டும் என்று சொல்வது சுலபம். அது நெல் விவசாயிக்குச் செய்யும் துரோகம். கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்வதும் சுலபம். அது மீனவருக்குச் செய்யும் துரோகம். முறையான வழி ஒன்று உண்டு.

முதலாவது, விதைப்புத் தேதியைக் கண்டிப்பாக்க வேண்டும். எல்லாப் பாடசேகரங்களும் ஒரே காலத்தில் விதைத்தால் ஒரே காலத்தில் அறுவடை முடியும். மார்ச் நடுவில் கதவு திறக்க எந்தத் தடையும் இருக்காது. தேதியை விவசாயியின் தலையில் மட்டும் கட்டினால் போதாது. விதையும் உரமும் கடனும் தண்ணீர் இறைக்கும் மின்சாரமும் உரிய நாளில் கிடைத்தால்தான் அவரால் உரிய நாளில் விதைக்க முடியும். தாமதம் வயலில் தொடங்குவதாகத் தோன்றினாலும் பல தடவை அது ஆபீஸ் பைல்களில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது, மூடியிருக்கும் மாதங்களிலும் பயிருக்குச் சேதம் வராத அளவில் சில கதவுகளைக் குறிப்பிட்ட நேரங்களில் திறந்து, கொஞ்சு ஏறி இறங்க வழி செய்ய முடியுமா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டும். கதவுகள் 90 இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி இயக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, கொச்சி வாயிலிலிருந்து ஆற்று முகம் வரை குறிப்பிட்ட இடங்களில் ஆண்டுதோறும், மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும், அடித்தளப் பிராணிகளைக் கணக்கெடுத்து, மலையாளத்திலும் தமிழிலும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். கதவுத் தேதியை முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தக் கணக்கையும் மேஜை மேல் வைக்க வேண்டும். மழைமானிக் கணக்கு இல்லாமல் அணை திறப்பதில்லை. அடித்தளக் கணக்கு இல்லாமல் மட்டும் ஏன் முடிவெடுக்க வேண்டும்?

இதற்கான அறிவுக்குப் பஞ்சம் இல்லை. 1947-ல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1971 முதல் கொச்சியில் தலைமையிடம் கொண்டிருக்கிறது. கழிமுகத்து உயிரினங்களை ஆராய்வதில் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் நீண்ட அனுபவம் பெற்றிருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் பூர்வீகம் குட்டநாட்டு மங்கொம்பு. அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல் குட்டநாடு பற்றித் தந்த அறிக்கையும் பயிர் நாட்காட்டியின் அவசியத்தை வற்புறுத்தியிருக்கிறது. நெல்லுக்காகவே வாழ்ந்த ஒருவரின் நிறுவனம் சொன்ன யோசனை நெல்லுக்கு விரோதமாக இருக்க முடியாது.

தமிழர்களுக்கு என்ன அக்கறை?

பிழைக்க வந்த இடத்தில் காயலைப் பற்றித் தமிழருக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கொச்சி வாத்துருத்தியில் குடியிருக்கும் கூலித் தொழிலாளிக்கும், எர்ணாகுளத்து ஆபீஸில் வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கும், சந்தையில் இறால் விலை ஏறினால் அதே ரூபாய்தான் பையிலிருந்து போகிறது. காயலில் மீன்பாடு குறைந்தால் கரையில் சுமை தூக்குகிறவருக்கும் இறால் உரிக்கும் பெண்ணுக்கும் வேலை குறைகிறது. கூலி வாங்கும் ஊரின் நன்மையில் கூலிக்காரருக்கும் பங்குண்டு. அந்த ஊரின் நல்ல காரியத்தில் வாய் திறந்து பேசுவதற்கு அவருக்கு உரிமையும் உண்டு.

ஒரு ஊரில் பிறந்து, இன்னொரு ஊரில் பிழைத்து, காலம் பார்த்துத் திரும்பும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை வெளிமாநிலத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழியில் ஒரு நாள் ரயில் நின்றாலே எத்தனை குடும்பம் தவிக்கும்? கொஞ்சுக்கு ஆண்டுதோறும் மாதக் கணக்கில் வழி நிற்கிறது.

டிசம்பர் 15-ல் மூடுவதற்குக் காட்டும் கண்டிப்பை மார்ச் 15-ல் திறப்பதற்கும் காட்ட வேண்டும். நெல்லும் விளையட்டும், கொஞ்சும் நடக்கட்டும். இரண்டுக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு வேம்பநாட்டுக் காயல் பெரியது. அதிகாரிகளின் நாட்காட்டியிலும் அந்த இடம் இருக்க வேண்டும்.